“ஏன் அப்பவே சொல்லல?” – பாலியல் வன்முறைப் புகார்கள் எங்கே நின்றுபோகின்றன

தெப்பக்குளம் (இழையைத் தொடங்கியவர்)

பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கில் தீர்ப்பு வந்தது 2025 மே 13. ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. அந்த வாரம் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலையில் இருந்த பெரியப்பா ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டே கேட்டார்: “அத்தனை பொண்ணுங்க பாதிக்கப்பட்டிருக்கு. முதல்ல ஒருத்திதானே புகார் குடுத்தா? மத்தவங்க ஏன் அப்பவே சொல்லல?”

கெட்ட மனுஷர் இல்லை. மூன்று பெண்களைப் பெற்றவர். அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. பதில் சொல்லத் தெரியாமல் மோர் வாங்கிக்கொண்டேன்.

இந்தக் குழுவில் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் எல்லாவற்றையும் உள்ளே இருந்து பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். ஒரு புகார் எந்த இடத்தில் நின்றுபோகிறது? கண்ணால் பார்த்ததைச் சொன்னால் போதும்.

கணக்குப்பிள்ளை

முதலில் அளவு தெரியட்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019–21. உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்த பெண்களில் ஏதாவது உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் உதவியும் தேடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உதவி தேடிய கொஞ்சப் பேரும் பெரும்பாலும் போனது பிறந்த வீட்டுக்கு. போலீஸ் அந்தப் பட்டியலில் எங்கோ கீழே கிடக்கிறது. (இதில் புருஷன் அடித்த கணக்கும் சேரும். பாலியல் வன்முறைக்கு மட்டுமான எண் அல்ல.)

இன்னொரு பக்கம், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் காட்டும் பலாத்கார வழக்குகள் 31,516. நாடு முழுவதற்கும். பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர். இருட்டுச் சந்தில் நிற்கும் முகம் தெரியாதவன் கதை பெரும்பாலும் சினிமாவில்தான்.

நேர்பேச்சு

யாரும் கோபப்படாமல் கேளுங்கள். பெரியப்பா கேட்டதில் என்ன தப்பு? எங்கள் தெருவில் ஒரு பையன் மேல் பொய் வழக்கு. காதல் முறிந்து எட்டு மாதம் கழித்துப் புகார். அவன் வேலை போச்சு, நிச்சயம் நின்றது, கடைசியில் விடுதலை. எட்டு மாதம் ஏன் சும்மா இருந்தாள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா? உண்மையாக நடந்திருந்தால் அன்றைக்கே ஓடிப் போய்ச் சொல்ல மாட்டார்களா?

பழைய ரைட்டர்

நான் ஸ்டேஷன் ரைட்டராக, அதாவது புகார்களை எழுதுகிற போலீஸ்காரராக, இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஓடி வந்து சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் தம்பி. வந்தபிறகு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

சாயங்காலம் ஏழு மணி. ஒரு அம்மா, ஒரு பெண், கூட ஒரு மாமா. அந்தப் பெண் பெஞ்சில் உட்காராது, சுவரோரமாகவே நிற்கும். “அம்மா இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்து போயிருக்காங்க, காலையில வாங்க” என்பது முதல் படி. மறுநாளும் வந்தால் “முதல்ல நடந்ததை எழுதிக் கொடுங்க”. எழுதினால் சி.எஸ்.ஆர். ரசீது. பாதிப் பேர் அதைப் பத்திரமாக மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு, கேஸ் போட்டாயிற்று என்று நம்பிப் போவார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்தது என்பதற்கு ரசீது, அவ்வளவுதான். அதை வைத்து யாரையும் கைது பண்ண முடியாது. எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டால்தான் ஓர் எண் விழும். எண் விழுந்தால் மாஜிஸ்திரேட்டுக்குப் போயாக வேண்டும், மீட்டிங்கில் டி.எஸ்.பி. கேட்பார், ரெண்டு மாதத்தில் சார்ஜ் ஷீட் வேண்டும். எந்த அதிகாரிக்கு இது பிடிக்கும்? ரசீதுக்கும் எண்ணுக்கும் நடுவில் கிடைக்கிற நாலைந்து நாளில்தான் எல்லாப் பேச்சுவார்த்தையும் நடக்கும். கவுன்சிலர் வருவார். சாதிக்காரர் வருவார். பையன் வீட்டில் ஒரு தொகை சொல்வார்கள். “பொண்ணு பேரு கெட்டுடும்” என்று அவள் மாமாவே சொல்வார்.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்த மாதிரிப் புகாரைப் பதிய மறுத்தால் போலீஸ்காரருக்கே ஆறு மாதம் முதல் ரெண்டு வருஷம் ஜெயில் என்று 2013இல் கொண்டுவந்தார்கள். இன்றைய பி.என்.எஸ்.ஸில் (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) அது 199ஆம் பிரிவு. நான் ஓய்வு பெறும் வரை அந்தப் பிரிவில் உள்ளே போன ஒருத்தரைப் பார்த்ததில்லை.

இன்னொன்று, கொஞ்சம் உள்வீட்டு விஷயம். தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் வந்தது. நல்ல காரியம், பெண்கள் பயமில்லாமல் படி ஏறினார்கள். ஆனால் அங்கே வருவதில் பெரும்பங்கு புருஷன் பெண்டாட்டி சண்டை. நாள் முழுக்க சேர்த்து வைத்துச் சேர்த்து வைத்துக் கை பழகிப்போச்சு. பலாத்காரப் புகார் வந்தாலும் அதே நாற்காலி, அதே பேச்சு. “ரெண்டு வீட்டாரும் உட்காருங்க, பேசுவோம்.”

நேர்பேச்சு

நீங்கள் சொல்வது போலீஸ் குறை. நான் கேட்டது வேறு. உண்மையா பொய்யா என்பதை எப்படித்தான் தெரிந்துகொள்வது?

நைட்டூட்டி நர்ஸ்

காஷுவாலிட்டியில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவள். உடம்பில் தெரியாதா என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தெரியாது.

ஏன் என்று ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். வருகிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் குளித்துவிட்டுத்தான் வருவார்கள். தலைக்கே ஊற்றியிருப்பார்கள், முடி ஈரமாக இருக்கும். துணியை அம்மா சோப்புப் போட்டு அலசி, கொடியில் காயப்போட்டிருப்பார். நாம் என்ன செய்வோமோ அதைத்தான் செய்திருக்கிறார்கள். அதற்கு டூட்டி டாக்டர் திட்டுவார்: “குளிச்சிட்டு வந்து நின்னா நான் எதைம்மா எடுக்கிறது?” அந்தப் பெண் அன்றைக்குக் கேட்கிற முதல் கண்டிப்பு அதுதான். துணி அப்படியே கிடைத்தாலும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிக் கொண்டுவருவார்கள். ஈரம் வேர்த்துப் பூசணம் பிடித்துவிடும். காகித உறையில் போட வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

அப்புறம் “போலீஸ் மெமோ இருக்கா?” என்று கேட்பார்கள், போலீஸ் எழுதித் தரும் கடிதம். அது தேவையே இல்லை. போலீஸ் வராவிட்டாலும், கேஸ் போடாவிட்டாலும், அரசு தனியார் எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் உடனே, இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும். 2013 முதல் சட்டம். மெமோ இல்லை என்று வாசலில் உட்கார வைக்கப்பட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இரு விரல் சோதனை பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பெண் “பழக்கப்பட்டவளா” என்று எழுதுகிற அசிங்கம். அது அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. 2022 ஏப்ரலில் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிறுத்தச் சொன்னது. அதே வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும், இனி செய்தால் அது ஒழுங்கீனம் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரே விஷயத்தை மூன்று தடவை.

காயம் இல்லையே என்ற கேள்விக்கு வக்கீல் யாராவது பதில் சொல்லுங்கள். உறைந்து போய்க் கிடந்தவர்களுக்குக் காயம் இருக்காது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

வாய்தா வக்கீல்

காயம் இல்லை என்பதை வைத்து உச்ச நீதிமன்றமே ஏமாந்த கதை உண்டு. மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையம், 1972. ஓர் ஆதிவாசிச் சிறுமி, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ரெண்டு போலீஸ்காரர்கள். 1978இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போட்டதாகத் தெரியவில்லை, எனவே எதிர்ப்பு இல்லை என்று. ராத்திரி நேரம், போலீஸ் ஸ்டேஷனுக்குள், போலீஸ்காரரை எதிர்த்து எந்தப் பெண் கூச்சல் போடுவாள்? 1979இல் நாலு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அதிலிருந்து கிளம்பிய போராட்டம்தான் 1983இல் சட்டத்தை மாற்றியது. காவலில் நடந்திருந்தால், நான் சம்மதிக்கவில்லை என்று அவள் சொல்வதை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வந்தது அப்போதுதான்.

நேர்பேச்சு, உங்கள் “அன்றைக்கே” கேள்விக்குப் பஞ்சாப் வழக்கு ஒன்று. 1984 மார்ச். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பெண்ணைக் காரில் கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் பரீட்சை நடக்கும் இடத்தருகே இறக்கி விட்டுப் போய்விட்டார்கள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? உள்ளே போய்ப் பரீட்சை எழுதினாள். எழுதி முடித்து வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். அப்பா போலீசுக்குப் போவதற்குள் ஊர்ப் பஞ்சாயத்து கூடிச் சமாதானம் பேசியதில் ரெண்டு மூன்று நாள் போய்விட்டது. விசாரணை நீதிமன்றம் என்ன சொன்னது? டீச்சரிடமோ தோழியிடமோ ஏன் சொல்லவில்லை, புகார் ஏன் தாமதம் என்று கேட்டு எல்லாரையும் விடுவித்தது. போதாததற்கு அவள் நடத்தையைப் பற்றியும் ஒரு வரி. 1996இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டது. தாமதம் இயல்பு, அவள் சாட்சியம் நம்பும்படி இருந்தால் வேறு ஆதாரம் தேட வேண்டாம், இந்த வழக்குகளை மூடிய அறையில் நடத்துங்கள் என்றது. குர்மித் சிங் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். நான் ஜூனியராக இருந்தபோது படித்தது. அந்தப் பரீட்சை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பயந்துபோன பிள்ளை, தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்திருக்கிறது.

தெப்பக்குளம்

பெரியப்பாவுக்கு இதைச் சொல்ல வேண்டும். பரீட்சை எழுதினாள் என்பதை.

நேர்பேச்சு

சரி, தாமதம் ஒரு காரணம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோர்ட்டில் இத்தனை பேர் விடுதலை ஆகிறார்களே, அத்தனையும் உண்மை வழக்கா?

வாய்தா வக்கீல்

விடுதலை என்றால் பொய் வழக்கு என்று அர்த்தம் இல்லை. நிரூபிக்கப்படவில்லை என்று அர்த்தம். உங்கள் தெருப் பையன் விஷயம் எனக்குத் தெரியாது, நிஜமாகவே பொய் வழக்காக இருக்கலாம். அப்படியும் நடக்கிறது. நான் சொல்வது, உண்மை வழக்கு எப்படித் தோற்கிறது என்று.

ஒரே சம்பவத்தை அந்தப் பெண் எத்தனை தடவை சொல்கிறாள் என்று எண்ணுங்கள். புகார் மனுவில் ஒரு தடவை, அது ரைட்டர் பாஷையில் இருக்கும். (நண்பர் மன்னிக்கணும்.) டாக்டரிடம் ஒரு தடவை. போலீஸ் விசாரணையில் ஒரு தடவை. மாஜிஸ்திரேட் முன் ஒரு தடவை, முன்பு 164ஆம் பிரிவு வாக்குமூலம் என்பார்கள், இப்போது அது 183. அப்புறம் வாய்தா வாய்தாவாக இழுத்து, நாலைந்து வருஷம் கழித்துக் கூண்டில். எதிர்த்தரப்பு இந்த அஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்திருப்பார். “மனுவில் மணி எட்டு என்கிறாய், மாஜிஸ்திரேட்டிடம் எட்டரை என்கிறாய், எது பொய்?” கதவு உள்பக்கம் சாத்தியிருந்ததா வெளிப்பக்கமா? சுடிதார் பச்சையா நீலமா? இந்த நாலு வருஷமாக எல்லாவற்றையும் மறக்கத்தான் அவளுக்கு எல்லாரும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒரு வரி மறந்தால் வழக்கு போச்சு.

அவளுக்காக வாதாடுகிற அரசு வழக்கறிஞரை அவள் முதல்முதலாகப் பார்ப்பது சாட்சி சொல்கிற அன்று காலை, வராந்தாவில், கேஸ் கட்டு கையில் இருக்க, பத்து நிமிஷம். இதில் அவர் தப்பும் இல்லை, அன்றைக்கே அவருக்கு இன்னும் பல வழக்கு இருக்கும்.

இதற்கிடையில் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். புகுந்த வீட்டில் தெரியாது. சம்மன் அந்த வீட்டு வாசலுக்கு வரும். பிறழ் சாட்சி ஆகிறவர்களில், அதாவது முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்கிறவர்களில், எத்தனையோ பேர் பணம் வாங்கி மாறியவர்கள் அல்ல, இந்தச் சம்மனுக்குப் பயந்து மாறியவர்கள். போக்சோ வழக்கை (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) ஒரு வருஷத்தில் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. “முடிந்தவரை” என்ற சொல்லும் அதே வரியில் இருக்கிறது.

பொள்ளாச்சியில் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. என்னைக் கேட்டால் தீர்ப்பைவிட அதுதான் பெரிய செய்தி. மூடிய அறையில் விசாரணை நடந்தது, பெண்களோடு கூடவே ஆள் நின்றார்கள்.

பழைய ரைட்டர்

அதே பொள்ளாச்சியில் ஆரம்பம் எப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள். 2019இல் முதலில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை எஸ்.பி.யே பிரஸ் மீட்டில் சொன்னார். சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் அடையாளம் இருந்தது. மதுரைக் கிளை 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. புகார் கொடுத்த ரெண்டொரு நாளில் அவள் அண்ணனை அடித்தார்கள். பெரியப்பாவின் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது. மற்ற பெண்கள் டிவியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்?

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வழக்கில் எஃப்.ஐ.ஆரே இணையத்தில் வந்துவிட்டது. மறுபடியும் 25 லட்சம். ஆனால் அந்த வழக்கில் அஞ்சு மாதத்தில் தீர்ப்பு வந்தது, 30 வருஷம் குறையாமல் ஆயுள். மனது வைத்தால் முடியும் என்பதற்கும் இது சாட்சிதான்.

மட்டுறுத்துநர்

மேலே ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். பெயர் இல்லை, ஆனால் ஊர், கல்லூரி, அப்பாவின் கடை என்று எல்லாம் இருந்தது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது பி.என்.எஸ். 72இன் கீழ் குற்றம், ரெண்டு வருஷம் வரை ஜெயில். நல்லெண்ணத்தில் எழுதியதாகச் சொன்னார். எஸ்.பி.யைத் திட்டிய அடுத்த பத்து நிமிஷத்தில் நாமும் அதையே செய்திருக்கிறோம்.

அரூர்க்காரன்

எல்லாரும் புகார் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். யாரிடம் கொடுப்பது என்பதே இல்லாத ஊர் எங்கள் பக்கம். வாச்சாத்தி.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து வந்தன. ஊர் சனத்தை ஆலமரத்தடியில் உட்கார வைத்தார்கள். பதினெட்டுப் பெண்களை ஏரிப் பக்கம் கூட்டிப் போனார்கள். அப்புறம் அந்தப் பெண்களையே கட்டை கடத்தியதாகக் கேஸ் எழுதி சேலம் ஜெயிலில் வைத்தார்கள். அரசாங்கம் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றது. புகாரை எழுதிக்கொள்ள வேண்டியது போலீஸ். சான்று கொடுக்க வேண்டியது வருவாய்த்துறை. காட்டுக்குள் கால் வைக்க வேண்டுமென்றால் வனத்துறை. மூன்றும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவை.

மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் விடாமல் கோர்ட்டுக்குப் போனதால் 1995இல் சி.பி.ஐ.க்கு மாறியது. 2011 செப்டம்பர் 29இல் தர்மபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269. அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள், அதில் 17 பேர் பலாத்காரத்துக்கு. மேல்முறையீட்டில் நீதிபதி 2023இல் ஊருக்கே வந்து பார்த்தார். அந்த வருஷம் செப்டம்பர் 29இல் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து, ஆளுக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தவள் நரைத்த தலையோடு தீர்ப்பைக் கேட்டாள். 31 வருஷம்.

பதினெட்டுப் பேரும் ஒரே ஊர், ஒரே சனம், ஒருத்தியை ஒருத்தி கைவிடவில்லை. தனியாக ஒருத்திக்கு நடந்திருந்தால் அந்த வழக்கே இருந்திருக்காது என்று என் தாத்தா சொல்வார்.

பெயர் வேண்டாம்

இந்த இழைக்காகவே புதுக் கணக்கு தொடங்கினேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது. அத்தை வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அத்தையின் கணவர். அதற்கு மேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “அப்பாவுக்குத் தெரிய வேணாம். உங்க அத்தை வாழாவெட்டியா வந்து நிப்பா” என்றாள். மீதிக் காயையும் உரித்து முடித்தாள்.

அன்று சாயங்காலமே ஆசாரியைக் கூட்டிவந்து என் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைத்தாள். அதுவரை எங்கள் வீட்டில் எந்த அறைக்கும் தாழ்ப்பாள் கிடையாது. அப்பா கேட்டதற்கு “வயசுப் பொண்ணு, துணி மாத்தணும்ல” என்றாள்.

இங்கே எல்லாரும் நம்பவில்லை, நம்பவில்லை என்று எழுதுகிறீர்கள். என் அம்மா நம்பினாள். அந்த நிமிஷமே நம்பினாள். என் புகாரின் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை ஒரு தாழ்ப்பாள். அவர் தீபாவளிக்கு வருவார். காபி நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அத்தை ஏன் என்று கேட்பாள்.

நைட்டூட்டி நர்ஸ்

படித்தேன் அம்மா. நீங்கள் எழுதியது போதும், மேலே எதுவும் விளக்க வேண்டியதில்லை.

நேர்பேச்சு

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பொய் வழக்கு பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த “அன்றைக்கே ஓடிப் போய்” என்ற வாக்கியத்தை எழுதியிருக்கக் கூடாது.

தெப்பக்குளம்

வக்கீல் சார், பொதுவாகவே கேட்கிறேன். இத்தனை வருஷம் கழித்து ஒருத்தர் புகார் கொடுக்க முடியுமா?

வாய்தா வக்கீல்

முடியும். காலவரம்பு என்பது மூன்று வருஷம் வரை தண்டனை உள்ள சின்னக் குற்றங்களுக்குத்தான். பலாத்காரத்துக்குக் கிடையாது. எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் கொடுக்கலாம், எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு மாற்ற வேண்டியது அவர்கள் வேலை. பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். வாக்குமூலத்தை வீட்டிலேயே தரலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், சி.எஸ்.ஆரோடு திரும்பி வராதீர்கள். பெண்கள் உதவி எண் 181க்குப் போன் செய்தால், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு எல்லா உதவியும் ஒரே இடத்தில் கிடைக்கிற ஒன் ஸ்டாப் சென்டருக்கு வழி சொல்வார்கள். இலவச வக்கீல் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. ஜெயிப்பீர்கள் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். பழைய வழக்கு கஷ்டம், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பெயர் வேண்டாம்

தெரியும் சார். ஏற்கெனவே விசாரித்து வைத்திருக்கிறேன். அத்தை இன்னும் இருக்காங்க.

வாய்தா வக்கீல்

சரி. எப்போது வேண்டுமானாலும் தனிமடல் போடுங்கள்.